மூன்று நாளும் அதே கோட்டை

பிட்டன்வீம்
மே 12

அன்புள்ள டூகல்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இதையும் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே போயிருக்கும் நான்கு பேரும் திரும்பி வர இன்னும் இருபது நிமிடமாவது ஆகும்.

ஈஸ்டரிலிருந்து இன்றுவரை மூன்றே நாள்தான் ஓய்வு. அந்த மூன்று நாளும் வண்டியைக் கழுவினேன். காலை எட்டரைக்கு எடின்பரோவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறேன். பாலம் தாண்டி ஃபாக்லாந்து அரண்மனை, பிறகு இந்தக் கோட்டை, பிறகு கெல்லி கோட்டை, கடற்கரையோரம் ஒவ்வொரு ஊராக கிரெய்ல் வரை. மறுபடி எடின்பரோ. நம் வாசலைத் தாண்டித்தான் போகிறேன். ‘அதோ, அந்த நீலக் கதவு வீடு என்னுடையது’ என்று காட்டுவேன். எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். இரவு அதே கதவைத் திறந்து உள்ளே போகும்போதுதான் யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டது போல இருக்கிறது.

பக்கத்து வீட்டு நெட்டா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள், ‘உன் புருஷன் எப்போது வருவார்?’ என்று. உன் அண்ணனுக்குப் படகில் ஒத்தாசையாகப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் அதை நம்பினாள். இப்போது ‘ஓ’ என்று மட்டும் சொல்கிறாள். அந்த ‘ஓ’ நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது.

அங்கே குளிர் குறைந்ததா? டேவி அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கா அண்ணிக்கு வெண்ணெய் பிஸ்கட் ஒரு டப்பா அனுப்பினேன், வந்து சேர்ந்ததா?

வீட்டை விற்பது பற்றிக் கேட்டிருந்தாய். யோசித்து எழுதுகிறேன். இதோ, வந்துவிட்டார்கள்.

அன்புடன்,
ரோனா


ஸ்ட்ரோம்னெஸ், ஆர்க்னி
மே 27

அன்புள்ள ரோனா,

பிஸ்கட் வந்தது. அண்ணி நன்றி சொன்னாள். முக்கால்வாசி நான்தான் தின்றேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அரண்மனை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, நெட்டா இருக்கிறாள். வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் ‘யோசித்து எழுதுகிறேன்.’ மார்ச்சிலும் இதையேதான் எழுதினாய். போனில் பேசி முடிக்கலாம் என்றால் என்னால் ஆகாது, உனக்கே தெரியும். முப்பது வருடம் படகில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது. போனில் நீ பேசினால் தகர டப்பாவுக்குள் ஈ பறப்பது போலத்தான் கேட்கிறது. அதனால் கடிதத்திலாவது நேராகச் சொல்.

விஷயம் இதுதான். டேவி அண்ணனால் இனிமேல் நண்டுக் கூண்டுகளைத் தூக்க முடியாது. படகில் பாதியை என் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். எடுத்துக்கொண்டால் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்கிறார். நான் இங்கே, நீ நாளெல்லாம் சாலையில் என்றால் அந்த வீடு யாருக்கு?

என்னைப் பற்றிக் கேட்டாய். நன்றாகத்தான் இருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கு முறை படகுத்துறைக்கு நடக்கிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நேற்று அண்ணி என் முன்னால் வந்து நின்று சொன்னாள்: “உனக்கு நாற்காலின்னா என்னன்னே தெரியாதா டூகல்? உன்னைப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது.”

பிப்ரவரியில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது ஏன் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பதில் எழுது. கோட்டையை விட்டுவிட்டு எழுது.

டூகல்


பிட்டன்வீம்
ஜூன் 18

அன்புள்ள டூகல்,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. இதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், நடுவில் நான்கு தடவை எழுந்துவிட்டாலும்.

கூப்பர் ஊரில் இருக்கும் வக்கீலம்மா பெவரிட்ஜிடம் பேசினேன். வீட்டை விற்பனைக்கு விட வேண்டுமானால் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போடுவது நல்லது என்றார். ஜூலை 9, மாலை நாலரை மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்களாம். நீ கேட்ட பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல். ஜூலை முழுவதும் எனக்கு ஒரு நாள்கூடக் காலி இல்லை. அதனால் நீ ஒன்று செய். அபர்டீனில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் லூகர்ஸ் வரை வா. பத்து மணிக்கு அங்கே வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன். முன் இருக்கை காலிதான். நாளெல்லாம் கூடவே வா. கிரெய்லிலிருந்து நேராகக் கூப்பருக்குப் போய்விடலாம். அன்றைய பயணிகளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்கிறார்கள்.

அவர்களைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். கனடாவில் கோதுமை விளைவிக்கிறவர்கள், வெர்னன் ஹேய்ஸ், அவர் மனைவி டோரீன். இருவருக்கும் வயது எண்பதை நெருங்குகிறது. ஜூலை 7, 8, 9 என்று அடுத்தடுத்து மூன்று நாள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்று நாளும் அதே ஊர், அதே கோட்டை. தவறுதலாக மூன்று முறை பட்டனை அழுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லையாம். டோரீனுக்கு நினைவு தங்குவதில்லை. காலையில் நடந்தது மாலையில் இருக்காது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். “ஒரு நாள் அவளுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா போதும், அப்புறம் தினமும் அதையே காட்டலாம், தினமும் அவளுக்குப் புதுசுதான்” என்றார் அந்த மனிதர். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டையை விடச் சொன்னாய், மறுபடி எழுதிவிட்டேன். வருவாயா, மாட்டாயா என்று எழுது.

ரோனா


ஸ்ட்ரோம்னெஸ்
ஜூன் 29

அன்புள்ள ரோனா,

வருகிறேன். பத்து மணிக்கு லூகர்ஸில் நிற்பேன். உன் பயணிகளிடம் எனக்குக் காது கேட்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பிறகு மரியாதை தெரியாதவன் என்று நினைக்கப் போகிறார்கள். காதுக் கருவியைக் கொண்டுவர மாட்டேன். காற்றில் அது என் தலைக்குள் மாவு அரைக்கிறது.

டூகல்


பிட்டன்வீம்
ஜூலை 10

அன்புள்ள டூகல்,

நேற்று உன்னை லூகர்ஸில் இறக்கிவிட்டுத் திரும்பியதிலிருந்து ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ‘இன்று ராத்திரி வீட்டில் தங்கு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் அபர்டீன் ரயிலைப் பற்றித்தான் பேசினாய். இன்று காலை வந்த பயணிகளிடம் ஃபாக்லாந்து கதையைக் கெல்லியில் சொல்லிவிட்டேன். அவர்கள் கவனிக்கவில்லை.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. செயின்ட் ஆண்ட்ரூஸில் அந்தக் காலத்துக் கார்டினல் பாதிரியாரைக் கொன்று சன்னலில் தொங்கவிட்ட கதையைச் சொன்னதும் டோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம், அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களா?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. இரண்டாம் நாளும் அதே இடத்தில் நின்று, அதே கையைப் பிடித்துக்கொண்டு, அதையே கேட்டார். முதல் நாள் வெர்னன் சிரித்தார். இரண்டாம் நாள் பாதி சிரித்தார். நேற்று, நீயே பார்த்தாயே, அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிரெய்லில் நாங்கள் தேநீர்க் கடைக்குப் போனோம், நீ துறைக்கு இறங்கிப் போய்விட்டாய். அதுவரை சரி. மூன்றரை இருக்கும். கூப்பருக்குச் சற்று முன்பின் ஆகலாம் என்று வக்கீலம்மாவிடம் சொல்ல நான் வாசலுக்கு வந்து போன் பேசினேன். அந்த நேரம் பார்த்து வெர்னன் கழிவறைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் டோரீனின் நாற்காலி காலி. பின்வாசல் திறந்து கிடந்தது. வெளியே கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து தெருவே தெரியவில்லை. பத்தடியில் இருந்த சுவர் எனக்கு மறைந்துவிட்டது. அந்தப் பக்கம் செங்குத்தான பாறை, கீழே கடல்.

இருவரும் ஓடினோம். அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே சந்து சந்தாக ஓடினோம். தேவாலயத்தடியில் வெர்னனால் முடியவில்லை, ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் நெஞ்சில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து பக்கத்தில் குனிந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்:

“சொல்ல வெட்கமா இருக்கு ரோனா. நாற்காலி காலியா இருந்ததைப் பாத்ததும் எனக்கு முதல்ல பயம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு.”

“எனக்குத் தெரியும்” என்றேன்.

“எப்படித் தெரியும்?”

அவருக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். பிப்ரவரியில் நீ போன அன்று கதவுக்குப் பின்னால் உன் மழைக்கோட்டு இல்லாததைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். நான்காம் நாள் காலையில் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டு நின்றேன். அன்றிலிருந்து இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைப் பிடிக்காமல் இல்லை, டூகல். என் குரல்தான் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. உப்பை எடு என்பதைக் கத்த வேண்டியிருந்தது. மழை வருகிறது என்பதைக் கத்த வேண்டியிருந்தது. அன்பாக ஒன்று சொல்ல நினைத்தாலும் மூன்றாம் முறை சொல்லும்போது அது சண்டையாகிவிடும். காலையில் வண்டியில் ஏறி யாரோ ஒருவரிடம் மெல்ல, ‘தூக்கம் நன்றாக வந்ததா?’ என்று கேட்பேன். அவர்கள் பதில் சொல்வார்கள். என் சொந்தக் குரலைக் கேட்கத்தான் தினமும் எடின்பரோ வரை போய்க்கொண்டிருந்தேன். இதை உன் முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது?

மூட்டம் கொஞ்சம் விலகியபோதுதான் துறைச் சுவரில் உங்கள் இருவரையும் பார்த்தோம். அவர் மேல் உன் சட்டை, நீ பனியனோடு. வெர்னன் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்ததும், “எங்க போயிட்டீங்க, நல்லா ஓய்வெடுத்தீங்களா?” என்று டோரீன் கேட்டார். எனக்கு அது புரியவில்லை. மூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து கூப்பருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால், அலுவலகம் பூட்டியிருந்தது.

காகிதங்களைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார் வக்கீலம்மா. அனுப்பச் சொல்லவா? இந்த முறை நீ சொல்.

ரோனா


ஸ்ட்ரோம்னெஸ்
ஜூலை 11

அன்புள்ள ரோனா,

இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இதை எழுதிவிட வேண்டும். நேற்றுக் கப்பலில் ஆறு மணி நேரம் மேல்தளத்தில் நடந்துகொண்டே இதைத்தான் மனதில் எழுதினேன்.

கோபத்தோடுதான் வந்தேன். வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது எஞ்சின் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. நீ கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறாய், பின்னால் இருவரும் சிரிக்கிறார்கள், நான் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டைத் தாண்டியபோது நீ எதையும் காட்டவில்லை. அதை மட்டும் கவனித்தேன்.

ஆனால் அதற்கு முன்பு செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒன்று நடந்தது. உனக்குத் தெரிந்திருக்காது. அவர்களோடு சேர்ந்து நானும் நின்றேன். நீ கடலுக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்துத் திரும்பினாய். டோரீனுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, முகத்தைப் பார்த்து, கையால் காட்டிக் காட்டிச் சொன்னாய். காற்று அவ்வளவு அடித்தும் உன் வாயசைவிலேயே எனக்கு எல்லாம் புரிந்தது. கார்டினல், கயிறு, சன்னல், குப்பி மாதிரிக் குடைந்த அந்த இருட்டுச் சிறை, எல்லாம். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் நீ சொன்ன ஒரு கதையை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. வீட்டில் நீ குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்துப் பேசுவாய். அடுத்த அறையிலிருந்து பேசுவாய். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு இப்படித் திரும்பி நின்று சொல்கிறாளே என்றுதான் கிரெய்லில் தேநீர் வேண்டாம் என்று துறைக்குப் போய்விட்டேன்.

மூட்டம் கவிந்தது. சுவரில் உட்கார்ந்திருந்தேன். தனியாக நடந்து வந்தார் டோரீன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேச ஆரம்பித்தார். எனக்குக் காது கேட்காது என்று சொன்னேன். அந்தம்மா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். “இப்பக் கேக்குதா?” என்றார்.

“கேக்குது” என்றேன். கேட்டது.

நீங்கள் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு மேலே வரத்தான் பார்த்தேன். அவர் விடவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார்:

“இன்னும் கொஞ்ச நேரம் இரு தம்பி. என் வீட்டுக்காரர் ரொம்பக் களைச்சுப் போயிருக்கார். என்னாலதான். நான் இல்லாம ஒரு பத்து நிமிஷம் அவர் நிம்மதியா உக்காரட்டும்.”

அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, ரோனா. கோட்டை மறந்துபோகிறது, தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது மறந்துபோகிறது. அது மட்டும் மறக்கவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பத்து நிமிடம் அவர் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருவரும் பதறியது என் தப்புதான். வெர்னனிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

நானும் பிப்ரவரியில் அதற்குத்தான் போனேன். கோபித்துக்கொண்டு போனதாக நீ நினைத்திருப்பாய். என்னிடம் எதையாவது சொல்வதற்கு முன்னால் நீ ஒரு பெருமூச்சு விடுவாய். அது கேட்காது, தோள் ஏறி இறங்குவது தெரியும். நான் இல்லாமல் கொஞ்ச நாள் நீ உட்காரட்டும் என்று நினைத்தேன். நீ உட்காரவில்லை. இன்னும் வேகமாக ஓடினாய். வீட்டை விற்றால் இருவரும் எங்காவது நிற்போமோ என்றுதான் விற்கச் சொன்னேன்.

என் பக்கத்துத் தப்பும் இருக்கிறது. கேட்காததையெல்லாம் கேட்டது போலத் தலையாட்டினேன். நீ கத்தியதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கருவியை மேசைக்குள் போட்டுவிட்டு வருடக்கணக்காக உன் தொண்டையைத் தேய்த்தேன். இன்று காலையிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். கடற்பறவைகள் இவ்வளவு அசிங்கமாகக் கத்தும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

டேவி அண்ணனுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லட்டும்?

டூகல்


பிட்டன்வீம்
ஜூலை 16

அன்புள்ள டூகல்,

நம் இரண்டு கடிதமும் நடுவில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என்னுடையதை நீ படித்திருப்பாய். உன்னுடையதை நான் முந்தாநாள் எட்டரை மணிப் பயணிகளைக் காக்க வைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். அவர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்லவர்கள்.

டோரீன் உன்னிடம் சொன்னதை வெர்னனுக்கு எழுதி, எடின்பரோவில் அவர்கள் தங்கியிருக்கும் விடுதியில் கொடுத்துவிட்டேன். எழுதலாமா கூடாதா என்று ஒரு நாள் தவித்தேன். இன்று காலை பதில் வந்தது. இரண்டே வரி. ‘நன்றி. நேற்று மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே தூங்கிவிட்டேன், அவள் எழுப்பவில்லை.’

வக்கீலம்மாவிடம் காகிதங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடு விற்பனைக்கு இல்லை. ஐந்து மாதமாக இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு வரவில்லை.

படகை எடுத்துக்கொள். உன்னைத் தெரிந்தவள்தானே நான், கரையில் உன்னால் இருக்க முடியாது. நான் ஓடாமல் இருக்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுக்கவும் மாட்டேன், ஏனென்றால் அது பொய்யாகிவிடும். அக்டோபர் முடியும்வரை ஒவ்வொரு நாளும் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. ஆனால் நவம்பரிலிருந்து ஈஸ்டர்வரை ஒரு கோட்டைக்கும் ஆள் வராது. அந்த ஐந்து மாதமும் வழக்கமாக நான் சுவருக்கு வர்ணம் அடிப்பேன், உன்னைத் திட்டுவேன். இந்த வருடம் அங்கே வருகிறேன். அண்ணி வீட்டில் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல். உட்காருவேனா தெரியாது. கோடையில் படகை விட்டுவிட்டு நீ இங்கே எத்தனை நாள் வர முடியும் என்று டேவி அண்ணனைக் கேட்டு வை.

நவம்பர் முதல் வாரக் கப்பலில் இடம் பிடித்திருக்கிறேன். துறையில் கூட்டமாக இருக்கும், காற்றும் இருக்கும். பின்னாலிருந்து உன் பெயரைக் கூப்பிட மாட்டேன். சுற்றிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்கிறேன். கொஞ்சம் நேரமாகும். நீ நடக்க ஆரம்பித்துவிடாதே, நின்ற இடத்திலேயே நில்.

உன்
ரோனா